கேரியர் லாக் உள்ள அமெரிக்கப் போனை விற்கப் போகிறீர்களா? அறிகுறியைப் பார்த்து வழி காணுங்கள்

அமெரிக்காவில் தவணைக்கு வாங்கும் போன் பெரும்பாலும் அதை விற்ற தொலைபேசி நிறுவனத்தின் (கேரியரின்) சிம்மை மட்டும்தான் ஏற்கும். இதுதான் கேரியர் லாக், அதாவது சிம் பூட்டு. ஏடி அண்ட் டி, டி-மொபைல், வெரிசான் மூன்றும் இப்படிப் பூட்டித்தான் தருகின்றன. அவற்றுக்குச் சொந்தமான கிரிக்கெட், மெட்ரோ, டிராக்ஃபோன் போன்ற ப்ரீபெய்டு நிறுவனங்களும் அப்படித்தான். கனடாவில் 2017 டிசம்பர் முதலும் பிரிட்டனில் 2021 டிசம்பர் முதலும் போனைப் பூட்டி விற்கவே கூடாது. அமெரிக்காவில் இன்னும் அதுதான் நடைமுறை. அதனால் புதுப் போன் வாங்கிக்கொண்டு பழையதை விற்க நினைப்பவர், படிப்பு முடிந்து ஊர் திரும்புகிறவர், தங்கைக்கு ஒரு ஐபோன் கொடுத்தனுப்புகிறவர் என்று எல்லாரும் ஏதாவது ஒரு கட்டத்தில் இதில் மாட்டுகிறார்கள்.

ஒரு போனை விற்கவிடாமல் தடுப்பவை நான்கு. சிம் பூட்டு, தவணை பாக்கி, பிளாக்லிஸ்ட் (முடக்கப்பட்ட போன்களின் பட்டியல்), ஆப்பிள் அல்லது கூகுள் கணக்குப் பூட்டு. வெளியிலிருந்து பார்த்தால் நான்கும் ஒன்று போலத் தெரியும், "போன் லாக் ஆகியிருக்கு" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் ஒவ்வொன்றையும் நீக்க வேண்டியவர் வேறு ஆள். சிம் பூட்டை ஆப்பிள் கடையில் போய்க் கேட்டால் எடுத்துத் தர மாட்டார்கள், அவர்களால் முடியாது. ஆப்பிள் கணக்கின் ஐகிளவுட் பூட்டை வெரிசான் கடையில் கேட்டாலும் அதே கதைதான். எது மாட்டியிருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் டயல் பேடில் *#06# அழுத்தி, போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு எண் வந்தால் இரண்டையும் எழுதுங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய்க் கீழே இறங்கினால் "கேரியர் லாக்" என்று ஒரு வரி இருக்கும். அதில் "நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்" என்றிருந்தால் பூட்டு இல்லை, "சிம் லாக்டு" என்றிருந்தால் இருக்கிறது. சாம்சங்கில் மாடல் எண்ணின் கடைசியைப் பாருங்கள். வெறும் யு என்று முடிந்தால் கேரியர் வழியாக விற்ற போன், யு1 என்று முடிந்தால் பூட்டில்லாமல் விற்றது. யு போனும் பின்னால் அன்லாக் ஆகியிருக்கலாம். அதனால் வேறு நிறுவன சிம் ஒன்றைப் போட்டுப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை. நண்பரின் சிம்மை இரண்டு நிமிடம் இரவல் வாங்கினால் போதும்.

அறிகுறி: வேறு சிம் போட்டால் "சிம் நாட் சப்போர்ட்டட்" என்கிறது

இதுதான் சுத்தமான சிம் பூட்டு. சாம்சங்கில் இதே சமயத்தில் "நெட்வொர்க் அன்லாக் பின்" கேட்டு ஒரு பெட்டி வரும். போன் கெட்டுப்போகவில்லை, சிம்மும் சரியாகத்தான் இருக்கிறது. போனை முதலில் விற்ற நிறுவனம்தான் நீக்க வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது.

ஏடி அண்ட் டி-யில் போஸ்ட்பெய்டு போன் என்றால் தவணை முழுவதும் கட்டியிருக்க வேண்டும், 60 நாளாவது அவர்கள் நெட்வொர்க்கில் ஓடியிருக்க வேண்டும். ப்ரீபெய்டு என்றால் ஆறு மாதம். அவர்கள் தளத்தில் "டிவைஸ் அன்லாக்" பக்கம் தனியாக இருக்கிறது. ஐஎம்இஐ போட்டு விண்ணப்பித்ததும் மின்னஞ்சலில் ஓர் உறுதிப்படுத்தும் இணைப்பு வரும். அதை 24 மணி நேரத்துக்குள் அழுத்தாவிட்டால் விண்ணப்பம் செத்துவிடும். ஸ்பாம் பெட்டியில் அது போய் உட்கார்ந்திருக்கும், அங்கேயும் தேடுங்கள்.

டி-மொபைலில் போஸ்ட்பெய்டுக்கு 40 நாள் ஓட்டமும் முழுத் தொகையும், ப்ரீபெய்டுக்கு ஒரு வருட ஓட்டமும் கேட்கிறார்கள். அவர்களுடைய ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸ், கனெக்ஷன்ஸ், அதற்குள் கூடுதல் அமைப்புகள் என்று போனால் "நெட்வொர்க் அன்லாக்" என்று ஒரு வசதி இருக்கும். பழைய போன்களில் இதற்கென்றே "டிவைஸ் அன்லாக்" ஆப் இருந்தது. அதில் தற்காலிகம், நிரந்தரம் என்று இரண்டு தேர்வு வரும். தற்காலிகம் என்பது வெளிநாட்டுப் பயணத்துக்காகச் சில நாள் திறந்துவிடுவது, கெடு முடிந்ததும் மறுபடி பூட்டிக்கொள்ளும். விற்கிற போனுக்கு நிரந்தரம்தான் வேண்டும். தற்காலிகத்தை அழுத்திவிட்டு "அன்லாக் ஆச்சு" என்று விற்றால், வாங்கியவரிடமிருந்து சில வாரத்தில் புகார் வரும்.

வெரிசான் கதை வேறு. 2008இல் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஏலத்தில் எடுத்தபோது, போன்களைப் பூட்டக் கூடாது என்ற நிபந்தனையும் அதோடு வந்தது. மோசடியைத் தடுக்க 60 நாள் பூட்டிவைக்க 2019இல் எஃப்சிசி (அமெரிக்க அரசின் தொலைத்தொடர்பு ஆணையம்) அனுமதி கொடுத்தது. அதனால் பல வருடங்கள் வெரிசான் போன்கள் 60 நாள் கழித்துத் தாமாகவே திறந்துகொண்டன, தவணை பாக்கி இருந்தாலும்கூட. 2025இல் அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட எஃப்சிசியிடம் மனுப் போட்டார்கள். ஆகவே "வெரிசான்னா 60 நாள்" என்று நண்பர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்கள் போன் ஆக்டிவேட் ஆன தேதிக்கு எந்த விதி பொருந்துகிறது என்று அவர்கள் தளத்தில் பாருங்கள். மற்ற நிறுவனங்களின் விதிகளும் மாறக்கூடியவைதான், விண்ணப்பிக்கும் நாளில் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

அறிகுறி: அன்லாக் கேட்டேன், மறுத்துவிட்டார்கள்

மறுப்பு மின்னஞ்சலில் ஒரு வரிக் காரணம் இருக்கும். அதைப் பொறுமையாகப் படியுங்கள்.

பெரும்பாலும் காரணம் தவணை பாக்கிதான். இங்கே "இலவச போன்" என்ற சலுகையைப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் புதிதாக வந்தவர்கள் இதில்தான் அதிகம் அடிபடுகிறார்கள். உதாரணத்துக்கு 828 டாலர் போன். 36 மாதத் தவணை, மாதம் 23 டாலர். ஒவ்வொரு மாதமும் அதே 23 டாலரைச் சலுகையாகக் கழித்துவிடுகிறார்கள், ஆகவே பில்லில் போனுக்குப் பூஜ்யம். நீங்களும் இலவசம் என்றே நினைத்திருப்பீர்கள். 12 மாதத்தில் லைனை ரத்து செய்தால் சலுகை அன்றோடு நின்றுவிடும். மீதி 24 மாதத் தொகையான 552 டாலர் கடைசி பில்லில் ஒரேயடியாக வந்து விழும். அதைக் கட்டாதவரை அன்லாக் இல்லை. லைனை ரத்து செய்யாமல் பாக்கியை முன்கூட்டியே கட்டினாலும் மிச்ச சலுகை போய்விடுகிற ஒப்பந்தங்கள் உண்டு. எனவே விற்பதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள்: பாக்கியைக் கட்டி அன்லாக் செய்து விற்றால் கையில் நிற்பது எவ்வளவு, சலுகை முடியும்வரை அந்தப் போனை வைத்துக்கொண்டால் மிச்சம் எவ்வளவு. பல சமயம் வைத்துக்கொள்வதுதான் லாபம். அந்த மாதிரி நேரத்தில் "விற்காதீர்கள்" என்றுதான் நான் சொல்வேன்.

பணம் கட்டிவிட்டேன், இன்னும் மறுக்கிறார்கள் என்றால், பணம் அவர்கள் கணக்கில் ஏற நேரம் எடுக்கிறது என்று பொருள். வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகக் கட்டியிருந்தால் கார்டைவிடத் தாமதமாகலாம். சில நாள் விட்டு மறுபடி விண்ணப்பியுங்கள்.

"வேறொரு கணக்கில் செயலில் உள்ளது" என்று வந்தால், அந்த ஐஎம்இஐ இன்னும் யாரோ ஒருவருடைய லைனில் தொங்குகிறது. குடும்பத் திட்டத்தில் போனை மாற்றி மாற்றிப் பயன்படுத்திய வீடுகளில் இது சகஜம். எந்த லைன் என்று கண்டுபிடித்து அதில் வேறு போனைப் போட்டதும் சரியாகிவிடும்.

அறிகுறி: கணக்கை மூடிவிட்டு ஊருக்கு வந்தாயிற்று, இப்போதுதான் பூட்டு தெரிகிறது

எனக்கு மிகவும் வருத்தம் தரும் நிலைமை இது. பணமெல்லாம் கட்டி முடித்த போனாகவே இருக்கும். அங்கிருந்தபோது ஐந்து நிமிட வேலை. ஊருக்கு வந்தபின் அதற்கு வாரக்கணக்கில் அலைய வேண்டியிருக்கிறது. ஏனென்றால் பழைய கணக்கில் நுழைய ஓடிபி கேட்கும், அந்த ஓடிபி நீங்கள் ரத்து செய்த அமெரிக்க நம்பருக்குப் போகும். இலவச உதவி எண்கள் இந்தியாவிலிருந்து அழைத்தால் பெரும்பாலும் கிடைக்காது. சாட்டில் பேசலாம் என்றால் அதற்கும் லாகின் வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. ஏடி அண்ட் டி போன் என்றால், அந்த அன்லாக் பக்கத்தில் "நான் வாடிக்கையாளர் இல்லை" என்ற தேர்வு இருக்கிறது. லாகின் தேவையில்லை, ஐஎம்இஐயும் மின்னஞ்சலும் போதும். இரண்டாம் கையாக வாங்கியவர்கூடத் தானே விண்ணப்பிக்கலாம். மற்ற நிறுவனங்களில் பழைய கணக்கு எண், பழைய போன் நம்பர், கணக்கின் பின் எண், கடைசி பில் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். இணைய அழைப்பு ஆப் வழியாக அமெரிக்க இலவச எண்களை அழைக்க முடியும். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஒருவரைக் கான்ஃபரன்ஸில் சேர்த்துக்கொண்டு, கணக்கு யார் பெயரில் இருந்ததோ அவரே பேசுவதும் நடக்கிற காரியம்.

இன்னும் கிளம்பாதவர்களுக்குச் சொல்கிறேன்: வரிசை முக்கியம். முதலில் பாக்கியைக் கட்டுங்கள், பிறகு அன்லாக், பிறகு வேறு நிறுவன சிம் போட்டுச் சோதனை, அதற்கப்புறம்தான் லைன் ரத்து. பில்களைப் பிடிஎஃப் ஆக இறக்கி வையுங்கள். வங்கி, வருமானவரி எல்லாம் அந்த நம்பரோடு இணைந்திருந்தால், ரத்து செய்யாமல் கூகுள் வாய்ஸுக்கு மாற்றிவிடலாம், ஒரு முறைக் கட்டணம் 20 டாலர். ஆனால் சில வங்கிகள் அந்த மாதிரி நம்பருக்கு ஓடிபி அனுப்ப மாட்டா, அதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: முழு விலை கொடுத்து வாங்கினேன், பூட்டே இல்லை, இப்போது "சிம் லாக்டு" என்கிறது

பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கிய ஐபோன்களில் இது உண்டு. பிறக்கும்போது எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாமல் இருக்கும். முதன்முதலில் எந்த சிம் உள்ளே போகிறதோ, ஆப்பிளின் சர்வர் அந்த நிறுவனத்தோடு அதைப் பூட்டிவிடும். வியாபாரிகள் இதை "ஃப்ளெக்ஸ் பாலிசி" என்பார்கள். சீல் உடைக்காத பெட்டி என்று பூட்டில்லாத விலைக்கு வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் இதில் ஏமாந்து போகிறார்கள். பூட்டிக்கொண்டபின் எந்த நிறுவனத்தோடு பூட்டியதோ அங்கேதான் கேட்க வேண்டும், அவர்களுடைய நாள் கணக்கு உங்களுக்கும் பொருந்தும். சீல் உடைக்காத ஐபோனை விற்பதென்றால் வாங்கிய ரசீதில் "அன்லாக்டு" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதவில்லை என்றால் அப்படிச் சொல்லி விற்காதீர்கள்.

அறிகுறி: "அன்லாக் முடிந்தது" என்று மின்னஞ்சல் வந்தும் போன் வேறு சிம்மை ஏற்கவில்லை

ஐபோனில் இது சின்ன விஷயம். வைஃபையில் இணைத்து, ஒரு முறை அணைத்துப் போட்டு, வேறு நிறுவன சிம்மைச் செருகுங்கள். போன் ஆப்பிள் சர்வரோடு பேசிப் புது நிலையைத் தெரிந்துகொள்ளும். அதிலும் சரியாகவில்லை என்றால் பேக்கப் எடுத்துவிட்டு முழுதாக அழித்து மறுபடி தொடங்குங்கள். எப்படியும் விற்கப் போகிற போன்தானே, அழிக்கத்தான் போகிறீர்கள்.

சில ஆண்ட்ராய்டு போன்களுக்கு மின்னஞ்சலில் ஒரு குறியீட்டு எண் தருவார்கள். வேறு சிம் போட்டதும் வரும் பெட்டியில் அதை அடிக்க வேண்டும். இங்கே அவசரம் வேண்டாம். தவறாகச் சில முறை அடித்தால் போன் உறைந்துவிடும், அப்புறம் சரியான எண்ணை அடித்தாலும் ஏற்காது. எண்ணை ஒருவர் படிக்க மற்றொருவர் அடித்தால் நல்லது. இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு எண்ணை அடித்துப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

அறிகுறி: சிம்முக்கு அடியில் ஒரு மெல்லிய தகடு இருக்கிறது, அதோடு போட்டால் வேலை செய்கிறது

இது பூட்டை ஏமாற்றும் சில்லு. சிம்மோடு ஒட்டிக்கொண்டு, "நான் உன் நிறுவனத்து சிம்தான்" என்று போனிடம் பொய் சொல்லும். ஓஎஸ் அப்டேட் வந்தாலோ போனை ரீசெட் செய்தாலோ நின்றுபோகலாம். கண்டுபிடிப்பது எளிது: சிக்னல் நன்றாக வரும், ஆனால் அபவுட் பக்கத்தில் "சிம் லாக்டு" என்றே இருக்கும். அந்த நிலையில் இருக்கும் போனை "அன்லாக்" என்று சொல்லி விற்பது மோசடி, வேறு பெயர் கிடையாது.

"ஐஎம்இஐ கொடுங்க, காசு கொடுங்க, நிரந்தரமா திறந்து தரோம்" என்ற இணையக் கடைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்லாக் செய்வதே சட்டவிரோதம் என்று சிலர் பயப்படுகிறார்கள். 2013 ஜனவரியிலிருந்து ஒன்றரை வருடம், புதிதாக வாங்கிய போனை நிறுவனத்தின் அனுமதியில்லாமல் திறப்பதற்கு அப்படியொரு தடை இருந்தது உண்மை. 2014 ஆகஸ்டில் வந்த சட்டம் அதை நீக்கிவிட்டது. சிக்கல் எங்கே என்றால், தகுதி இல்லாத போனையும் திறந்து தருகிறவர்கள் அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதில்தான். ஏடி அண்ட் டி ஊழியர்களுக்கு லஞ்சம் கொடுத்துப் பல வருடங்களாக சுமார் 19 லட்சம் போன்களைத் திறந்த ஒருவருக்கு 2021 செப்டம்பரில் அமெரிக்க நீதிமன்றம் 12 வருட சிறைத் தண்டனை விதித்தது. அடுத்த வருடமே, டி-மொபைல் ஊழியர்களின் கடவுச்சொற்களைத் திருடி அதே தொழிலைச் செய்த முன்னாள் கடைக்காரருக்குப் பத்து வருடம். அப்படித் திறந்த போன் மறுபடி பூட்டப்பட்டால் காசு திரும்ப வராது. உங்கள் போனுக்குத் தகுதி இருந்தால் நிறுவனமே சும்மா திறந்து தரும், இல்லையென்றால் பூட்டிய போனாகவே நேர்மையாக விற்கலாம்.

அறிகுறி: விற்று ஒரு மாதம் நன்றாக ஓடியது, திடீரென்று சிக்னல் போய்விட்டது

வாங்கியவர் இப்படிச் சொன்னால் அது பெரும்பாலும் பிளாக்லிஸ்ட். திருடுபோன போன்களின் ஐஎம்இஐகளைப் பொதுப் பட்டியலில் வைக்க அமெரிக்க நிறுவனங்கள் 2012இல் ஒப்புக்கொண்டன. இன்று தொலைந்தது, திருடுபோனது மட்டுமல்லாமல் தவணை கட்டாமல் விட்ட போன்களும் இப்படி முடக்கப்படுகின்றன. பூட்டு நீங்கியிருந்தாலும் இது வரும், இரண்டுக்கும் தொடர்பில்லை. அன்லாக் செய்தும் இதைத் தீர்க்க முடியாது.

விற்றவர் தவணை கட்டுவதை நிறுத்தியதால் வந்தது என்றால், பாக்கியைக் கட்டிவிட்டு நிறுவனத்திடம் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டும். "ஊருக்குத்தானே போகிறேன், கடைசி பில் கட்டாவிட்டால் என்ன செய்வார்கள்" என்று சிலர் நினைக்கிறார்கள். கடன் வசூல் ஏஜென்சிக்குப் போய் கிரெடிட் ஸ்கோர் அடிபடுவது ஒரு பக்கம். மறு பக்கம், காசு கொடுத்து அந்தப் போனை வாங்கிய ஒரு மாணவரோ டெலிவரி ஓட்டுகிறவரோ நடுத்தெருவில் நிற்கிறார். அவர் செய்த தவறு எதுவும் இல்லை. தவணை பாக்கி உள்ள போனை விற்கவே விற்காதீர்கள், "நான் ஒழுங்காகக் கட்டுவேன்" என்ற நல்லெண்ணத்தோடுகூட வேண்டாம். வேலை போகலாம், கார்டு காலாவதியாகலாம், தானியங்கிக் கட்டணம் தவறலாம்.

தொலைந்தது என்று இன்ஷூரன்ஸில் மாற்றுப் போன் வாங்கியபின் பழையது சோபா இடுக்கில் கிடைத்தால், அது இனி உங்களுடையதாக இருக்காது. காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டுத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

விற்பதற்கு முன் நீங்களே சோதிக்கலாம். சிடிஐஏ என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்புச் சங்கம் நடத்தும் "ஸ்டோலன் ஃபோன் செக்கர்" தளத்தில் ஐஎம்இஐ போட்டால் இலவசமாகச் சொல்லும். தமிழ்நாட்டில் வாங்குகிறவர் கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடம் விட்டு, ஐஎம்இஐ எண்ணை 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். ஆனால் அமெரிக்காவில் தவணை பாக்கி இருக்கிறதா என்பதை அது சொல்லாது. அதற்கு விற்பவர் தன் கணக்கில் பாக்கி பூஜ்யம் என்ற பக்கத்தைக் காட்டுவதுதான் சாட்சி. வாங்குகிறவர் கேட்கும் முன்பே காட்டிவிடுங்கள், பேரமும் சீக்கிரம் முடியும்.

ஐஎம்இஐ எண்ணை விளம்பரப் படத்தில் முழுதாகப் போட வேண்டாம். நிஜமாகவே வாங்க வருகிறவரிடம் மட்டும் கொடுங்கள்.

அறிகுறி: "ஹலோ" திரைக்கப்புறம் யாருடைய ஆப்பிள் ஐடியையோ கேட்கிறது

இதற்கும் கேரியருக்கும் சம்பந்தமில்லை. 2013இல் ஐஓஎஸ் 7 உடன் வந்த ஆக்டிவேஷன் லாக் இது. விற்பவர் "ஃபைண்ட் மை" வசதியை அணைக்காமல் கொடுத்துவிட்டார். விற்பவர் எங்கிருந்தாலும் தீர்க்கலாம்: ஐகிளவுட் தளத்தில் நுழைந்து, "ஃபைண்ட் டிவைசஸ்" பகுதியில் அந்தப் போனைத் தேர்ந்தெடுத்து, அழித்து, கணக்கிலிருந்து நீக்கினால் போதும். கடவுச்சொல்லை வாங்குகிறவருக்கு வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள், உங்கள் புகைப்படமெல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

ஆண்ட்ராய்டில் பழைய கூகுள் கணக்கைக் கேட்கும். பொத்தான்களை அழுத்தி ரெக்கவரி வழியாக ரீசெட் செய்தால்தான் பெரும்பாலும் இது வரும். கணக்குகளை முதலில் நீக்கிவிட்டு, செட்டிங்ஸ் வழியாக ரீசெட் செய்தால் வராது. சாம்சங்கில் கூகுள் கணக்கோடு சாம்சங் கணக்கையும் நீக்க மறக்க வேண்டாம்.

"ரிமோட் மேனேஜ்மெண்ட்" என்று ஒரு கம்பெனியின் பெயரோடு திரை வந்தால், அது அலுவலகப் போன். வேலையை விட்டபோது திருப்பிக் கேட்கவில்லை என்பதற்காக அது உங்களுடையதாகிவிடாது. ஐடி பிரிவில் கேட்டு, எழுத்தில் விடுவிப்பு வாங்கினால் ஒழிய விற்க முடியாது.

அறிகுறி: பூட்டில்லை, ஆனால் ஊரில் சிம் போட இடமே இல்லை

2022இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்க மாடல்களில் சிம் தட்டு கிடையாது, இ-சிம் மட்டும்தான். ஜியோ, ஏர்டெல், வி மூன்றும் இ-சிம் தருகின்றன, ஆகவே பயன்படுத்த முடியாத போன் இல்லை. ஆனால் சிம்மைக் கழற்றி வேறு போனில் மாட்டிக்கொள்கிற பழக்கம் உள்ளவருக்கு இது தொல்லை. ஒவ்வொரு முறையும் நிறுவனத்திடம் கேட்டு மாற்ற வேண்டும். விலை பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். பூட்டும் இருந்தால் இன்னும் மோசம்: இந்திய இ-சிம்மைப் போட்டாலும் ஏற்காது. சில்லு வைத்து ஏமாற்றவும் தட்டு இல்லை.

இ-சிம் போனை அழிக்கும்போது இ-சிம்மை வைத்துக்கொள்ளவா, நீக்கவா என்று கேட்கும். உங்கள் நம்பரை முதலில் புதுப் போனுக்கு மாற்றி, ஒரு அழைப்பு வருகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் நீக்குங்கள். தலைகீழாகச் செய்தால் ஓடிபி இல்லாமல் தவிப்பீர்கள்.

அறிகுறி: அன்லாக் தகுதி இல்லை, ஆனால் விற்றே ஆக வேண்டும்

தவணை முடிந்திருக்கிறது, நாள் கணக்கு மட்டும் பாக்கி என்றால் காத்திருங்கள். காத்திருக்க முடியாவிட்டால் பூட்டிய போனுக்கும் சந்தை இருக்கிறது. அதே நிறுவனத்தின் வாடிக்கையாளருக்குப் பூட்டு ஒரு பொருட்டே இல்லை. ஏடி அண்ட் டி போனை ஏடி அண்ட் டி வாடிக்கையாளர் எடுத்துக்கொள்வார். அதே நெட்வொர்க்கில் ஓடும் சில சின்ன நிறுவனங்களும் பூட்டிய போனை ஏற்கும், அவர்கள் தளத்தில் ஐஎம்இஐ போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பழைய போன்களை விற்கும் ஸ்வப்பா போன்ற தளங்களில் எந்தக் கேரியர் என்று குறிப்பிட்டே விற்கலாம். விலை குறையும், அது நியாயம்தான்.

விளம்பரம் இப்படி இருந்தால் போதும்: "ஐபோன் 13, 128 ஜிபி, டி-மொபைல் லாக், வேறு சிம் வேலை செய்யாது. தவணை பாக்கி இல்லை, ஐஎம்இஐ சுத்தம். ஐகிளவுட் நீக்கியாயிற்று. நேரில் சோதித்து வாங்கலாம்." பேட்டரி நிலவரம், கீறல், மாற்றிய திரை ஆகியவற்றையும் சேருங்கள். கைமாற்றுவதற்கு அந்த நிறுவனத்தின் கடை வாசல் நல்ல இடம், வாங்குகிறவர் தன் சிம்மைப் போட்டு அங்கேயே அழைத்துப் பார்க்கலாம். பணம் உங்கள் வங்கி ஆப்பில் தெரிந்தபின் போனைக் கொடுங்கள், அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையும் மின்னஞ்சலையும் நம்ப வேண்டாம்.

தபாலில் எடுத்துக்கொள்ளும் நிறுவனத்துக்கு அனுப்புவதென்றால், பெட்டியில் வைக்கும் முன் திரை எரிகிறபடி ஐஎம்இஐ தெரிய ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். "லாக்டு" என்று நீங்களே படிவத்தில் குறித்திருந்தால், போய்ச் சேர்ந்தபின் அதைக் காரணம் காட்டி விலையைக் குறைக்க அவர்களுக்கு இடமில்லை. வேறு காரணம் சொல்லிக் குறைத்தால் அந்த வீடியோவை அனுப்பிப் போனைத் திருப்பிக் கேளுங்கள்.

அறிகுறி: எல்லாம் சரி, இணையம் வருகிறது, அழைப்பு மட்டும் போகவில்லை

பழைய போன்களில் இது. ஏடி அண்ட் டி 2022 பிப்ரவரியிலும் வெரிசான் அந்த வருடக் கடைசியிலும் 3ஜியை நிறுத்திவிட்டன. இப்போது அழைப்புகள் வோல்ட்இ (4ஜி வழியாகப் பேசும் வசதி) வழியாகத்தான் போகின்றன. போனில் அந்த வசதி இருப்பது மட்டும் போதாது, அந்த நிறுவனத்தின் ஏற்புப் பட்டியலிலும் அந்த மாடல் இருக்க வேண்டும். வாங்கியவர் செட்டிங்ஸில் வோல்ட்இ அணைந்திருக்கிறதா பார்க்கட்டும், ஓஎஸ் அப்டேட் செய்யட்டும், தன் நிறுவனத் தளத்தில் ஐஎம்இஐ சோதிக்கட்டும். பட்டியலில் இல்லை என்றால் அதற்கு மருந்து கிடையாது, பணத்தைத் திருப்பிக் கொடுத்துப் போனை வாங்கிக்கொள்ளுங்கள்.